ஆண்டு ஒன்றில் நுழையும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு: பினாங்குப் பெற்றோருக்கான வழிகாட்டி

பிள்ளையை முதன்முறையாகத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்த பெற்றோர் பலருக்குப் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. பாலர் பள்ளியில் அகரம் முதல் ஆய்தம் வரை தடங்கலின்றி ஒப்புவித்த பிள்ளை, ‘ஆடு மரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தது’ என்ற ஒரே வரியில் மூன்று இடங்களில் தடுக்கி நிற்கிறது. எழுத்தெல்லாம் தெரிந்தும் வாசிக்க ஏன் வரவில்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். உடனே எழுத்து அட்டவணையை இன்னும் பல முறை எழுத வைக்கிறார்கள், இல்லையெனில் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் வேண்டாத வேலை. எழுத்தின் பெயரை அறிவது ஒரு திறன். எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக ஒலிப்பது மற்றொரு திறன். அப்படி ஒலித்ததை, ஏற்கெனவே கேட்டுப் பழகிய சொல்லாக இனங்காண்பது இன்னொரு திறன். இந்த மூன்றாவதுதான் நம் வீடுகளில் விடுபட்டுப் போகிறது. ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு வீட்டில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

வாசித்துப் புரிந்துகொள்வதை இரண்டு கூறுகளின் பெருக்கற்பலன் என்று பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினர். ஒரு கூறு எழுத்தை ஒலியாக்குவது. மற்றது கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. ஆங்கில வாசிப்பை ஒட்டி எழுந்த விளக்கமாயினும், அது தமிழுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. வீட்டில் ‘நின்னுக்கிட்டு இருந்துச்சு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ‘நின்றுகொண்டிருந்தது’ என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடித்தாலும், கடைசியில் கிடைக்கும் ஒலி அது இதுவரை கேட்டிராத ஒலியாக இருக்கிறது. தான் வாசித்தது சரியா தவறா என்பதே அதற்குத் தெரிவதில்லை. ஆகவே கண்ணைப் பழக்குவதற்கு முன்பே காதைப் பழக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

முதற்படி: பிள்ளை நிற்கும் இடத்தை அறிதல்

எதையும் கற்பிக்கத் தொடங்குமுன் ஒரு மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, விளையாட்டுப்போல மூன்று செய்திகளைச் சோதித்துப் பாருங்கள். முதலாவது ஒலி. ‘தாத்தா’ என்று சொல்லிக் கை தட்டச் சொன்னால் தா, தா என்று பிரித்துத் தட்டுகிறதா? ‘கதவு, கடல், மரம்’ ஆகிய மூன்றில் எது வேறு ஒலியில் தொடங்குகிறது என்று கேட்டால் சொல்கிறதா? இரண்டாவது எழுத்து. அட்டவணை வரிசையில் கேட்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காட்டிக் கேளுங்கள். வரிசையில் கேட்டால் பிள்ளை பாட்டாகப் பாடிவிடும், எழுத்தைப் பார்க்காது. மூன்றாவது மொழி. படமுள்ள ஒரு சிறு கதையை நீங்கள் நூலில் உள்ளபடியே வாசித்துக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். பிள்ளை வீட்டுத் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ விடை சொன்னாலும் பரவாயில்லை, கதை புரிந்ததா என்பதே இப்போது வேண்டியது.

இந்த மூன்றில் எது தளர்வாக இருக்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துகளை நன்கு அறிந்த பிள்ளைக்கு மீண்டும் எழுத்தையே கற்பிப்பதும், ஒலியைப் பிரித்துக் கேட்க இயலாத பிள்ளையிடம் வாக்கியத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் இருவருக்கும் அலுப்பைத்தான் தரும்.

இரண்டாம் படி: காதைப் பழக்குதல்

இதற்குப் புத்தகமும் வேண்டாம், மேசையும் வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பாலத்தின் வழியாகக் காரில் வரும்போது நெரிசலில் நிற்கும் நேரமே போதும். ‘மாமரம்’ என்பதிலிருந்து ‘மா’வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ‘தலையணை’யில் ‘தலை’ போனால் என்ன மிஞ்சும்? ‘பல்’ என்பதன் முதல் ஒலியை மாற்றிக் ‘கல்’ ஆக்கலாம். வேறு என்ன ஆக்கலாம்? பட்டம், வட்டம், கட்டம் என ஒலி இயையும் சொற்களை மாறி மாறிச் சொல்லலாம். பொருளற்ற சொல்லைப் பிள்ளை உருவாக்கினாலும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒலியைப் பிரித்து மாற்றும் திறன்தான் இங்கே வளர்கிறது.

தமிழுக்கே உரிய இரு வேறுபாடுகளில் காது நன்றாகத் தெளிய வேண்டும். ஒன்று குறில், நெடில்: கல், கால், படம், பாடம், விடு, வீடு, முடி, மூடி, கொடு, கோடு. மற்றது ஒற்று இரட்டித்தல்: படம், பட்டம், எடு, எட்டு, பாடு, பாட்டு. எழுதும்போது நெடிலைக் குறிலாக்குவதும் ஒற்றை விட்டுவிடுவதும் ஆண்டு ஒன்று, இரண்டு பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் பிழைகள். பெரும்பாலோர் அவற்றைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்கிறார்கள். காதில் அந்த வேறுபாடு தெளிவாக விழாததே பல வேளைகளில் காரணம். ஆகவே சிவப்பு மையால் வட்டமிடுவதை நிறுத்திவிட்டு, இரு சொற்களையும் சொல்லி ‘எது நீளமாக ஒலிக்கிறது?’ என்று கேட்பதே பயன் தரும்.

காது முந்த வேண்டும் என்பதற்குத் தமிழ் எழுத்துமுறையே இன்னொரு சான்று தருகிறது. ‘பல்’ என்பதிலும் ‘பலம்’ என்பதிலும் தொடங்கும் எழுத்து ஒன்றே. ஆனால் நாம் அவற்றை ஒரேமாதிரி ஒலிப்பதில்லை. ‘குடம்’, ‘குணம்’ ஆகிய சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மலாய்ப் பாடத்தில் ‘பாசார்’ என்பதற்கும் ‘போலா’ என்பதற்கும் ரூமி எனப்படும் உரோமன் எழுத்தில் வெவ்வேறு எழுத்துகளைப் பார்த்துப் பழகிய பிள்ளை, தமிழில் இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதுவதைக் கண்டு ‘இது எந்தப் ப?’ என்று கேட்பது நியாயமானதே. அதற்கு இலக்கண விதி சொல்லத் தேவையில்லை. சொல்லைக் காதால் அறிந்திருந்தால் எந்த ஒலி என்பது தானே வந்துவிடும், அறிந்திராவிட்டால் எந்த விதியும் உடனடியாக உதவாது.

அடுத்தது நூலில் உள்ள தமிழைக் கேட்கச் செய்தல். நாளொன்றுக்குப் பத்து நிமிடமாவது கதைப்புத்தகத்தை அதில் அச்சிட்டுள்ள வடிவிலேயே உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்குப் புரியாது என்று எண்ணி, ‘போய்விட்டார்கள்’ என்றிருப்பதைப் ‘போயிட்டாங்க’ என்று மாற்றி வாசிக்கும் வழக்கம் பல தாய்மாருக்கு உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆயினும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒலி அதனால் கிடைக்காமல் போகிறது. வாசிப்பது நூல் தமிழில் இருக்கட்டும், வாசித்ததைப் பற்றிப் பேசுவது வீட்டுத் தமிழில் இருக்கட்டும். ‘ஏன் அந்த முயல் ஓடிப் போச்சு?’ என்று நீங்கள் கேட்பதும், பிள்ளை தன் போக்கில் பதில் சொல்வதும் கதையைப் புரியவைக்கும். இரண்டு தமிழும் பிள்ளைக்கு வேண்டும். ஒன்றை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் காட்டினால் பிள்ளை இரண்டிலும் வாய் திறக்கத் தயங்கும்.

இதற்குத் துணையாக ஒரு விளையாட்டைச் சொல்லலாம். காலையில் மின்னல் எஃப்.எம். வானொலிச் செய்தியைச் சிறிது நேரம் கேட்கவிட்டு, பிறகு பிள்ளையைச் செய்தி வாசிப்பவராக அமர்த்துங்கள். ‘இன்று காலை பாட்டி சந்தைக்குச் சென்றார். மீன் விலை ஏறிவிட்டதாக அவர் கூறினார்’ என்று வீட்டுச் செய்தியைக் குரலை மாற்றிச் சொல்லச் சொன்னால், பிள்ளைகள் மிக விருப்பத்தோடு செய்கிறார்கள். ‘சென்றார்’, ‘கூறினார்’ போன்ற வினைகள் நாவில் ஒருமுறை புரண்டுவிட்டால், அவை தாளில் வரும்போது அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆண்டு ஒன்றின் பாடத்திட்டத்தில் இடம்பெறும் ஆத்திசூடியையும் இதே நோக்கில் பயன்படுத்தலாம். ‘அறம் செய விரும்பு’, ‘ஆறுவது சினம்’, ‘இயல்வது கரவேல்’ என அதன் அடிகள் உயிரெழுத்து வரிசையில் தொடங்குவதால், பொருளை முழுமையாக விளக்காத நிலையிலும் ஒலிப் பயிற்சிக்கு அது நன்றாக உதவும்.

மூன்றாம் படி: எழுத்துகளை எந்த வரிசையில் கற்பிப்பது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 என்று சொன்னால் பிள்ளை மட்டுமன்றிப் பெற்றோரும் மலைத்துப் போகிறார்கள். உண்மையில் கற்க வேண்டியவை முப்பது அடிப்படை எழுத்துகளும், மெய்யோடு உயிர் சேரும்போது வரும் குறிகளுமே. அந்தக் குறிகளின் போக்கு விளங்கிவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாக விளங்கும். எனவே அட்டவணையை முதல் நாளே சுவரில் மாட்டி மேலிருந்து கீழாக ஒப்புவிக்கச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைக்குப் பாதி எழுத்துகள் தெரிந்த பிறகு அதே அட்டவணையைக் காட்டினால், ‘இந்த வரிசையெல்லாம் கால் போட்டது, அந்த வரிசையெல்லாம் கொம்பு போட்டது’ என்று அதுவே ஒழுங்கைக் கண்டுபிடிக்கும்.

தொடக்கத்திற்கு வடிவம் எளிதாகவும், சேர்த்தால் உடனே சொல் பிறப்பதாகவும் உள்ள எழுத்துகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ப, ட, ம, த, ல, ர, வ ஆகிய ஏழு எழுத்துகள், மெய்யைக் காட்டும் புள்ளி, ஆகாரத்தைக் காட்டும் துணைக்கால் ஆகியவை மட்டும் தெரிந்தாலே பிள்ளை பின்வருவதை வாசித்துவிட முடியும்:

மாமா வா. பட்டம் பார். தாத்தா, பால் தா.

இதில் பிள்ளை அறியாத குறி ஒன்றுகூட இல்லை. தான் உண்மையிலேயே வாசித்துவிட்டோம் என்ற எண்ணம், மனப்பாடமாகச் சொன்ன நூறு எழுத்துகளைவிட அதற்கு ஊக்கம் தரும். இத்தகைய வரிகளை நீங்களே எழுதித் தரலாம். கற்ற எழுத்துகளைக் கொண்டு மட்டும் எழுத வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு. க சேர்ந்தால் கடல், பகல், கால் வரும். ண சேர்ந்தால் மணல், பணம் வரும்.

அடுத்து இகர, ஈகாரக் குறிகளை எடுத்துக்கொள்ளலாம். டி, டீ தவிர மற்றவை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைகின்றன. உகர, ஊகாரம் அப்படியல்ல; கு, சு, து, மு என நான்கை எழுதிப் பார்த்தாலே குறி ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உருவம் கொள்வதைக் காணலாம். இதனால் அந்த வரிசையை முழுமையாகக் கடைசிக்குத் தள்ளலாம். ஆனால் அது, வந்து, வீடு, பாட்டு எனத் தமிழ்ச் சொற்கள் பல உகரத்தில் முடிவதால் முற்றிலும் தவிர்க்க இயலாது. து, டு, கு, று ஆகிய நான்கை மட்டும் முன்னதாகவே, காரணம் விளக்காமல், முழு உருவமாக அறிமுகப்படுத்திவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் கொம்பு. ஓர் ஏழு வயதுச் சிறுவன் ‘தேன்’ என்பதை வாசிக்க முயல்வதை அருகிலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். அவன் கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு. இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும் என்றுதானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், ஆகவே ‘ஏ’ என்று தொடங்குகிறான். பிறகு தகரத்தைப் பார்த்து ‘ஏத’ என்கிறான். அப்படி ஒரு சொல் இல்லை என்று உணர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறான். அவன் விதியைச் சரியாகத்தான் பின்பற்றினான். முன்னால் எழுதப்படும் குறி பின்னால் ஒலிக்கிறது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கொம்பை விரலால் மறைத்துவிட்டு ‘இது என்ன?’ என்று கேளுங்கள். ‘த’ என்பான். விரலை எடுத்து, ‘கொம்பு வந்து சேர்ந்தால்?’ என்று கேளுங்கள். ‘தே’ என்று வரும். கெ, கே, கை ஆகிய மூன்றுக்கும் இதே முறை. கொ, கோ ஆகியவற்றில் குறி இரு பக்கமும் நிற்பதால் இரண்டு விரல் வேண்டும். சில நாள்கள் மறைத்துத் திறந்து பழகிய பிறகு கண் தானாகவே கொம்பைத் தாண்டி எழுத்தை முதலில் பிடித்துக்கொள்ளும்.

அச்சில் துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதும் ஒரு தொல்லை. ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசிக்கும் பிள்ளை கவனமின்றி வாசிப்பதாகக் கொள்ள வேண்டாம். பெரிய எழுத்தில் இரண்டையும் அருகருகே எழுதி, ரகரத்தின் கீழே சாய்ந்து நிற்கும் சிறு கோட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை ஒரே நாளில் வரிசையாக நிறுத்திக் கற்பிப்பதைத் தவிருங்கள். ஒத்த தோற்றமும் ஒத்த ஒலியும் உடையவை ஒன்றாக வந்தால் ஒன்றோடொன்று குழம்பும். லகரம் நன்கு படிந்து சில வாரங்கள் கழித்து ளகரம், அதன் பிறகு ழகரம் என இடைவெளி விடுங்கள். மூன்றும் தெரிந்த பின்னரே பல்லி, பள்ளி, கரி, கறி, மனம், மணம் என இணை இணையாக வைத்துக் காட்டலாம். நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது என்பதால், பிள்ளை ‘வாளைப்பழம்’ என்று எழுதினால் அது கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. உங்கள் நாவைத் திருத்திக்கொண்டு வாழைப்பழம் என்று சொல்லிக் காட்டுவது, பத்து முறை எழுத வைப்பதைவிட நல்லது.

இந்த வரிசைக்கெல்லாம் ஒரு விதிவிலக்கு பிள்ளையின் பெயர். நம் பிள்ளைகள் பலரின் பெயரில் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் இருக்கின்றன. அவற்றின் முறை வரும்வரை காத்திராமல், பெயரை ஒரு படம்போல முதல் வாரத்திலேயே அறிமுகப்படுத்திவிடுங்கள். தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தன்னுடையதாகத் தோன்றாது.

வீட்டில் தாத்தா பாட்டி வைத்திருக்கும் பழைய பக்தி நூல்களில் பிள்ளை வாசிக்க முயன்றால், ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய உருவங்களில் இடறும். தமிழ்நாட்டில் 1978-இல் அறிவிக்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்தையே நம் பாடநூல்களும் பின்பற்றுகின்றன. ‘இது முன்பு எழுதிய முறை’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து செல்லலாம்.

நான்காம் படி: சரளமாக வாசித்தல்

கூட்டி வாசிக்கத் தெரிந்ததும் பெற்றோர் புதுப்புதுப் பக்கங்களைத் தேடிக் கொடுக்கிறார்கள். அதற்கு மாறாக, ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்வது சரளத்தை வளர்க்கிறது என்பதை ஜே சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் எடுத்துக்காட்டினார். முதல் நாள் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை தனியாக வாசிக்கட்டும். நான்காம் நாள் தம்பிக்கோ பாட்டிக்கோ வாசித்துக் காட்டட்டும். நான்கைந்து வரி போதும். எழுத்தைக் கூட்டுவதிலேயே செலவாகிவிட்ட கவனம், சொல் பழகியதும் பொருளின் பக்கம் திரும்புகிறது. பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறதோ என்ற ஐயம் எழுந்தால், நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலால் காட்டி அதை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

தமிழில் நீண்ட சொற்கள் மிகுதி. ‘நின்றுகொண்டிருந்தது’ போன்றவற்றை ‘நின்று, கொண்டு, இருந்தது’ எனப் பென்சிலால் மெல்லிய கோடிட்டுப் பிரித்துக் காட்டுவதில் தவறில்லை. மலாய் வகுப்பில் ‘சுக்கு காத்தா’ என்று அசை பிரித்து வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு இந்த உத்தி புதிதன்று.

தடுக்கும்போது உடனே சொல்லைச் சொல்லிவிடாமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலும் அதற்குள் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். வரவில்லையெனில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஒரே சொல்லில் பிடிவாதமாக நிறுத்தி வைத்து அழ வைத்த மாலைக்குப் பிறகு, மறுநாள் புத்தகத்தைக் கண்டாலே பிள்ளைக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும், கழிப்பறை போக வேண்டியிருக்கும்.

எழுதுவது பற்றிச் சுருக்கமாக

வாசிப்பு முந்தியும் எழுத்து பிந்தியும் வருவது இயல்பு. விரல்கள் உறுதிப்படும்வரை தட்டில் பரப்பிய அரிசியிலோ பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்திலோ பெரிதாக எழுதட்டும். சொல்வதெழுதுதலுக்கு நாளுக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். அவை ஓர் ஒழுங்கைச் சேர்ந்தவையாக, எடுத்துக்காட்டாகப் பட்டம், வட்டம், கட்டம் என அமைந்தால் ஐந்து சொற்களில் ஒரு பாடம் படிந்துவிடும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையின் கையை மாற்ற முயல வேண்டாம்.

தெருவில் வாசித்தல்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாழும் அல்லது அங்கே கடைக்குச் செல்லும் குடும்பங்களுக்குக் கட்டணமில்லாத வாசிப்பு நூல் ஒன்று கண்முன்னே விரிந்து கிடக்கிறது. பெரியவர்கள் கடைத்தெரு என்று அழைக்கும் லெபோ பாசாரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால் நகைக்கடை, பூக்கடை, மளிகைக்கடை எனப் பலகைகள் வருகின்றன. இப்பகுதியில் சில தெருப்பெயர்ப் பலகைகளிலும் தமிழ் இருக்கிறது. முதல் நாள் ‘கடை’ என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அடுத்த முறை ‘கடை’க்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கடையில் என்ன விற்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரிவதால் பிள்ளை பாதி ஊகித்து, பாதி எழுத்தைப் பார்த்து வாசிக்கும். இந்த நிலையில் அது ஏற்கத்தக்கதே. குயின் தெருவில் 1833-இல் எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் கோவிலுக்குச் செல்லும்போது அறிவிப்புப் பலகையையும் அர்ச்சனைச் சீட்டையும் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். பிழையாக எழுதப்பட்ட விளம்பரப் பலகைகளும் கண்ணில் படும். அதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால் வீடு திரும்பும்வரை அந்தப் பெருமை பேசப்படும்.

சொல்வளத்திற்கு அடுக்களையைவிட நல்ல இடம் இல்லை. பிள்ளை வெங்காயத்தைப் ‘பாவாங்’ என்றும் நிறங்களை ஆங்கிலத்திலும் சொன்னால் திருத்தி நிறுத்தாமல், ‘ஆமாம், அந்தச் சிவப்பு வெங்காயத்தை எடுத்துக் கொடு’ என்று தமிழ்ச் சொல்லை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். அகப்பை, சல்லடை, முருங்கைக்காய், கொத்தமல்லி எனக் கையால் தொட்டுப் பழகிய சொற்கள் நூலில் வரும்போது பிள்ளை தயங்குவதில்லை.

பெற்றோருக்கே தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால்

தேசியப் பள்ளியில் படித்து வளர்ந்த பெற்றோர் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் வாசிக்க மாட்டார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஒலி விளையாட்டுகளுக்கும் கதை சொல்வதற்கும் எழுத்தறிவு தேவையில்லை. நூல் தமிழைக் கேட்கச் செய்வதற்கு, அந்த வாரப் பாடப்பகுதியை வாசித்து வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்ப முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். சில வரிகளுக்கு இது ஓரிரு நிமிட வேலையே. பாட்டி தைப்பிங்கிலோ சுங்கை பட்டாணியிலோ இருந்தால் காணொளி அழைப்பில் இரவுதோறும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாம். இன்னும் நல்லது, பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கற்பது. அம்மாவுக்கே எழுத்தைச் சொல்லித் தரும் வாய்ப்புக் கிடைத்தால், அன்றைய பாடத்தைப் பிள்ளை வேறு எப்போதையும்விட ஒழுங்காகப் படித்துக்கொண்டு வரும்.

மூன்று மொழிகளை ஒரே வேளையில் கற்பதால் பிள்ளை குழம்பிவிடாதா என்ற கேள்வியும் எழுகிறது. மலாய் எழுத்துமுறை ஒலிக்கு மிக நெருக்கமானது என்பதால் பிள்ளை மலாயில் முன்னதாக வாசிக்கத் தொடங்கலாம். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சொற்கள் பல இருப்பதால் அதில் பின்தங்கலாம். மூன்றிலும் ஒரே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மொழியில் பழகிய ஒலியுணர்வு மற்ற மொழிகளுக்கும் பயன்படுகிறது. அதற்காகத் தமிழ் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியரிடம் பேசுதலும், தடை நீடித்தால் செய்ய வேண்டியதும்

தொடக்கப்பள்ளியின் இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் கைவிடப்பட்ட பிறகு, பிள்ளையின் நிலையை வகுப்பறை மதிப்பீட்டின் தேர்ச்சி நிலைகள் 1 முதல் 6 வரை காட்டுகின்றன. அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. ‘எந்தெந்த உயிர்மெய் எழுத்துகளில் தடுக்கிறான்? வாசித்ததைத் தன் சொல்லில் கூற முடிகிறதா?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான விடை கிடைக்கும். நிலாம் வாசிப்புத் திட்டத்தில் பதிவு செய்வதற்காகவே புத்தகங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் போக்கையும் தவிர்க்க வேண்டும். முழுமையாக வாசித்துப் பேசிய ஒரு நூல், பெயர் மட்டும் எழுதப்பட்ட பத்து நூல்களைவிட மேலானது.

தொடக்கத்தில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் குறியை விட்டுவிடுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. ஆனால் ஆண்டு இரண்டின் நடுப்பகுதியிலும் பிள்ளை பழகிய எழுத்துகளையே மறந்துகொண்டிருந்தால், முந்திய நாள் வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தால், மூன்று மொழிகளிலும் இதே நிலை இருந்தால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும், அடிக்கடி காதில் சீழ் வைத்து ஒலி மந்தமாகக் கேட்கும் பிள்ளையும் சோம்பேறிப் பட்டம் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பது உண்டு. அரசு சுகாதாரக் கிளினிக்கிலேயே இதைத் தொடங்கலாம். அடுத்து, பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு நடைபெறுகிறதா, அதில் பிள்ளையைச் சேர்க்க இயலுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அங்கே சேர்ப்பதை மானக்கேடாகக் கருதி மறுக்கும் பெற்றோரால், உதவி கிடைக்க வேண்டிய நல்ல பருவம் வீணாகிறது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்ப்பாடு குறித்த ஐயம் இருந்தால் மருத்துவமனைப் பரிந்துரையுடன் முறையான மதிப்பீட்டைப் பெறலாம். அது அறிவுக்குறைவு அன்று. உரிய பயிற்சியால் அத்தகைய பிள்ளைகளும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எந்தச் சந்திப்புக்குச் சென்றாலும் ஒரு சிறு குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை வாசித்த வரி, தடுக்கிய சொல், அதை எப்படி ஒலித்தது, எந்த நாள் என்பவற்றை வாரம் ஒருமுறை அதில் எழுதி வைத்திருந்தால் போதும். ‘சரியாகவே படிப்பதில்லை’ என்று பொதுப்படையாகச் சொல்வதைவிட, ‘தேன் என்பதை ஏத என்று தொடங்குகிறான், மரத்தை மாம் என்கிறான், நீண்ட சொல் வந்தால் முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறான்’ என்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும்போது, ஆசிரியரோ மருத்துவரோ எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிட முடியும்.